வெயில் விழுற வீடு

வீரப்பன் அண்ணன் ஈப்போவில் வாங்கிய வீட்டைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இத யாருங்க உங்க தலையில கட்டுனது?" கேட்கிறவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யாரும் கட்டவில்லை. ஒன்றரை வருஷம் அலைந்து, அவரே பார்த்துப் பார்த்து வாங்கின வீடு. தெருக்கோடியில், மேற்கே பார்த்த வாசல், கை எட்டுகிற உயரத்தில் தகரக் கூரை. மத்தியானத்துக்கு மேல் உள்ளே கால் வைக்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டை ஒரு மனுஷன் ஏன் ஆசைப்பட்டு வாங்கினான் என்று கேட்டால், பவளத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆலையில் அடுப்புக்காரர். இலையைக் காய வைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. மலை முழுக்க விறைத்துக் கிடக்கும்போது அவர் ஒருத்தர்தான் பனியனோடு வேர்த்துப்போய் நிற்பார். அவர் சம்சாரம் பவளம் என்னோடு கொழுந்து பறித்தவள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் செடியில் இருக்கிற ஈரமெல்லாம் எங்கள் மேல்தான். லயத்துக் குடியிருப்புக்குத் திரும்பினால் அங்கேயும் அதே கதை. எங்கள் லயம் மலையின் முதுகுப் பக்கம் இருந்தது. வெயில் அந்தப் பக்கமாக வந்து அந்தப் பக்கமாகவே போய்விடும். துவைத்த துணி காயாது, சுவரில் பூஞ்சணம் பூத்திருக்கும். அடுத்தடுத்த வீடுதான் நாங்கள். பவளத்துக்கு மூச்சிழுப்பு வந்தால் பலகைச் சுவர் வழியாக எனக்கு முதலில் கேட்கும்.

ஆள் அனுப்பினால் அண்ணன் ஆலையிலிருந்து ஓடி வருவார். அடுப்பில் காட்டிக் காய்ச்சிய உள்ளங்கைகளை அவள் முதுகில் வைத்து, மூச்சு அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். கை ஆறிப்போனால் திரும்ப ஆலைக்கு ஓடி, காய்ச்சிக்கொண்டு வருவார். "அந்தப் புள்ளையக் கொண்டாந்து அடுப்புப் பக்கத்துலயே உக்கார வச்சிக்கய்யா" என்று தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி கேலி பண்ணுவார். அண்ணன் சிரித்துக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சல் வந்தால் சோறு யார் ஆக்குவது என்று கேட்கிற ரகம்.

எழுபத்தொன்பதில் தானா ராத்தா டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நெஞ்சுக்கு மலைக்குளிர் ஆகாது, உயிரோடு இருக்க வேண்டுமென்றால் கீழே இறங்கிவிடுங்கள் என்று.

"வாடகைக்காச்சும் ஒரு வீட்டப் பாத்து மொதல்ல எறங்குங்கண்ணே" என்றேன் நான்.

பவளம்தான் மாட்டேன் என்றாள். "பொறந்ததுலேருந்து தோட்டத்து வீடுக்கா. தொர போன்னு சொன்னா போவணும். மறுபடியும் இன்னொருத்தன் வீடா? ஒரே வாட்டி எறங்குறோம், நம்ம வீட்டுக்கே எறங்குறோம்லா." அப்புறம் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "பெருசா வேணாங்க. வெயில் விழுற வீடா பாருங்க, அது போதும்."

சேமநிதியிலிருந்து எடுத்தது, அவள் நகையை விற்றது என்று அண்ணன் கையில் நடுவாந்தரமான பணம் இருந்தது. புதிதாகக் கட்டுகிற தாமான் குடியிருப்புகள் பக்கம் அதை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்க முடியாது. டவுனுக்குள் பழைய தெருக்களில் பார்க்கலாம் என்றார் புரோக்கர் சின்னையா. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் தாப்பா வழியாக பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போனார். மலைப்பாதை வளைவில் பவளத்துக்கு மூச்சு முட்டும் என்பதால் அவளை அழைத்துப் போகவில்லை. நடுவாந்தரப் பணத்துக்கு நடுவாந்தரக் குறையோடுதான் வீடு கிடைக்கும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றில் மழை பெய்தால் ஆறு சமையலறைக்கு வந்துவிடும். ஒன்றில் மாடி மட்டும்தான் நமக்கு, கீழே இருக்கிற குடும்பத்தைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போக வேண்டும்.

மூன்றாவதாகப் பார்த்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. வரிசை வீடு, நல்ல செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளுக்குள் நீளமாகப் போகும். வீட்டுச் சொந்தக்காரர் செல்லையா ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிள்ளானில் இருக்கிற மகனோடு போய் இருக்கப் போகிறார். அண்ணனை அவருக்குப் பிடித்துப் போய் விலையையும் குறைத்தார். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் அந்த மனுஷர் பெருமையாகச் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "வெளிய எம்மாம் வெயில் அடிச்சாலும் உள்ள ஜில்லுனு இருக்கும் பாருங்க!"

அண்ணன் கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"நம்ம லயத்துச் செவுரு மாதிரியே இருந்திச்சி நவமணி" என்று என்னிடம் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஜன்னல் கெடயாது. வெயிலுக்கு வழியே இல்ல. ஜில்லுனு இருக்காம், அத பெருமையா வேற சொல்றாரு அந்தாளு. இவள அங்க கொண்டு போயா படுக்க வைப்பேன்?"

பவளமும் நல்லதாகப் போயிற்று என்றாள். மலையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஈப்போவில் ஜில்லென்றால் வீட்டை விற்கிற வார்த்தை. எங்களுக்கு அது நோய்க்குப் பெயர். அதிலும் அண்ணன் அடுப்புக்காரர். சூடென்றால் அடுப்பிலிருந்து வர வேண்டும், இல்லை வெயிலிலிருந்து வர வேண்டும். ஈப்போவில் சும்மா நிற்கிற காற்றே சூடாக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு பகல் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் மலை ஏறிவிடுகிறவர்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. அவள் கொழுந்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டாவது மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில்தான் அண்ணன் அந்தத் தெருக்கோடி வீட்டைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம். கால் பொசுங்கியதாம். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே லயத்துக்கு வந்த மாதிரி நான் அவரைப் பார்த்ததே இல்லை. "நேரா உள்ள வந்து விழுது புள்ள! நீ நாற்காலியப் போட்டு உக்காந்தீன்னா ஒன் மடியிலயே விழும்" என்றார். அவள் துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அப்புறம் முருங்கை நடலாமா என்று கேட்டாள். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பத்திரம் முடிந்து சாவி வாங்குவதுதான் பாக்கி.

சாவி வரவில்லை, இழுப்பு வந்துவிட்டது. அண்ணன் எத்தனை முறை கையைக் காய்ச்சிக்கொண்டு வந்தும் அடங்கவில்லை. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள், நானும் கூடப் போனேன். வார்டில் கூட்டம். அவளுக்குக் கிடைத்த கட்டில் ஜன்னலை விட்டுத் தள்ளி உள் மூலையில், சுவரை ஒட்டி. வெளியே மழை. ஒரு நாள் கழித்து மூச்சு கொஞ்சம் இறங்கியது. அவள் போர்வையைக் காலால் தள்ளினாள். அண்ணன் திரும்ப இழுத்துப் போர்த்தினார்.

"வேணாங்க" என்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். "இங்க ஜன்னலே இல்ல பாத்தீங்களா? வெயிலு எட்டிக்கூடப் பாக்கல. அப்பறம் ஏங்க குளிரல? வெதுவெதுன்னு இருக்குங்க. ஈப்போவுல எங்க இருந்தாலும் இப்படித்தான் போல."

பாவி, சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். அண்ணன் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் கையை வைத்தார். வைத்தது வைத்தபடியே நின்றார். அவர் எந்த வீட்டுச் சுவரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பவளம் போய்விட்டாள்.

வேலையை விட்டுவிட்டு அண்ணன் தனியாகவே ஈப்போவுக்கு இறங்கினார். எண்பத்தைந்தில் அவரைப் பார்க்கப் போனேன். வெயில் மறைக்க வாசலுக்கு மூங்கில் தட்டி போடச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்களாம். "செல்லையா வீட்டு வழியாத்தான் நவமணி தெனமும் சாமான் வாங்க பசாருக்குப் போறேன், வேற வழி இல்ல" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வெயில் உள்ளே வந்தது. வாசலுக்கு நேராக ஒரு காலி நாற்காலி போட்டிருந்தார். வெயில் அதன் மேல் ஏறியதும், அண்ணன் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுப்பில் காட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் அதில் காட்டினார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அப்படியே காட்டிக்கொண்டிருந்தார். கை நன்றாகக் காய்ந்ததும் எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.