தெல்வாலின் கட்டைவிரல்

இது நடந்தது. கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் சேலையூர் வந்து ஜெயஸ்ரீயை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். நடுராத்திரி, சுடுகாடு, கொலுசுச் சத்தம் எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல். கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரம்.

மிருதுளா பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். கேம்ப் ரோட்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் வீடு. கணவன் சாம்பசிவன் காலையிலேயே ஆபீஸ் போய்விடுவான். அவன் தங்கை ஜெயஸ்ரீ மேடவாக்கத்தில் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து, பகலெல்லாம் பக்கத்து அறையில் தூங்குவாள். நாத்தனார் கூடவே தங்கியிருப்பதில் மிருதுளாவுக்கு உள்ளூர ஒரு கடுகடுப்பு. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

படப்பையில் பழங்காசு சேர்க்கும் ஷ்யாம்சுந்தர் என்பவர் ஒரு புத்தகத்தைத் தமிழில் கேட்டிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒனோரே தெல்வால் என்ற பிரெஞ்சு அறிஞரின் வாழ்க்கை. தெல்வால் ஒரு துறைமுகத்தில் குமாஸ்தா. சிரியா பக்கமிருந்து வரும் மாலுமிகளிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காசு சேர்த்தார். எந்தச் சரித்திரத்திலும் பெயரில்லாத ராஜாக்களைக் காசை வைத்தே கண்டுபிடித்தார். அறுபது வயதில் இரண்டு கண்ணும் போயிற்று. மனுஷன் விடவில்லை. கட்டைவிரலால் தடவியே எந்த ஊர்க் காசு, எந்த ராஜாவின் முகம் என்று சொல்வார். அப்படி இருட்டில் உட்கார்ந்தே ஐந்து தொகுதிகளைச் சொல்லி எழுதவைத்தார்.

"எழுதும்போது பக்கத்துல இருக்கட்டும் மேடம்" என்று, தெல்வாலிடம் இருந்த ஒரு வெண்கலக் காசையும் ஷ்யாம்சுந்தர் கொடுத்திருந்தார். பச்சைக் களிம்பு ஏறிய ஒரு ராஜா முகம்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் பூஜைக்காக மிருதுளா புளியும் உப்பும் போட்டு விளக்குத் தேய்த்தாள். கையோடு அந்தக் காசையும் தேய்த்தாள். இவ்வளவு அழுக்காக இருக்கிறதே என்ற நல்ல எண்ணம்தான். காசு தகதகவென்று ஆனது. ராஜாவின் மூக்கும் கண்ணும் பாதி போயிருந்தன.

2.20க்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். ஏழாம் அத்தியாயம். தெல்வால் வீட்டில் யாரோ ஒரு காசை வினிகர் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டார்கள். விரல் வைத்ததுமே கிழவருக்குத் தெரிந்துவிட்டது. "களிம்புதான் காசின் தோல். உரித்துவிட்டீர்கள்!" என்று அலறினார். வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து ஒரே கேள்வி கேட்டார். யார்? சமையல்காரி, துணி துவைக்கும் பெண்ணின் பெயரைச் சொன்னாள். கிழவர் அந்தப் பெண்ணை மண்டியிட வைத்தார். இரண்டு கட்டைவிரல்களையும் அவள் கண்களில் வைத்து அழுத்தினார். வரலாற்றை எழுதியவர் இதை மூன்றே வரியில் முடித்துக்கொண்டார். பெரிய மனிதர் செய்த காரியம் அல்லவா!

மிருதுளா காசைப் பார்த்தாள். லேப்டாப்புக்கு வலப்பக்கம் பளபளத்துக்கொண்டிருந்தது.

2.41. கரண்ட் போனது.

மூக்குப்பொடி வாசனை வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

வலப்பக்கம் இருந்த காசு இப்போது இடப்பக்கம் கிடந்தது. ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்... மறுபடி பார்த்தபோது காசு மேஜையிலேயே இல்லை.

சரக்... சரக்... சரக்...

உலோகத்தை எதுவோ தடவியது. அவள் முதுகுக்குப் பின்னால்.

2.47. சத்தம் நின்றது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். முகவாயில் ஒரு விரல் பட்டது. சில்லிட்ட கட்டைவிரல். உதடு... மூக்கு... நெற்றி... அவசரமே இல்லாமல் படித்துக்கொண்டு போயிற்று.

பிறகு இரண்டு விரல்கள். இமைகளின் மேல்.

"கீ?"

பிரெஞ்சில் அதற்கு 'யார்' என்று பொருள்.

அழுத்தம் கூடியது.

"கீ?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"ஜெயஸ்ரீ" என்றாள்.

விரல்கள் எடுபட்டன.

2.53. பக்கத்து அறைக் கதவு திறந்தது. மிருதுளா எழுந்து ஓடவில்லை. கத்தவும் இல்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பாவி, கையை எடுக்கவே இல்லை.

3.04க்குக் கேட்ட அலறல், பொத்திய காதுக்குள்ளும் கேட்டது.

ஜெயஸ்ரீக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. "யாராவது கட்டைவிரலால அழுத்தினாங்களா?" என்று டாக்டர் கேட்டார். வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. சாம்பசிவன் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான்.

காசு மேஜைமேலேயே கிடைத்தது. மறுநாள் ஷ்யாம்சுந்தர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்த்த சுவடே இல்லை; பச்சைக் களிம்பு துளியும் குறையவில்லை. "பத்திரமா வெச்சிருந்தீங்க, தேங்க்ஸ் மேடம்" என்றார்.

பதினோரு நாள் கழித்து ஜெயஸ்ரீயை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அன்று மத்தியானம் மிருதுளா அவளுக்குத் தயிர்சாதம் ஊட்டினாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க."

"என்ன ஜெயா?"

"என் கண்ணை அழுத்தறதுக்கு முன்னாடி அந்த ஆள் ஒரு கேள்வி கேட்டான். என்ன பாஷைன்னே தெரியல. ஆனா புரிஞ்சுது. காசைத் தேய்ச்சது யாருன்னு கேட்டான்."

மிருதுளாவின் கை பாதியிலேயே நின்றது.

"எனக்குத் தெரியும் அண்ணி. தண்ணி குடிக்க எழுந்து வந்தப்போ நீங்க சிங்க்ல தேய்ச்சுட்டு இருந்ததைப் பார்த்தேன். தெரியாதுன்னு சொன்னேன். மூணு தடவை கேட்டான். மூணு தடவையும் தெரியாதுன்னே சொன்னேன்."

கட்டு போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பி, ஜெயஸ்ரீ கொஞ்சம் சிரித்தாள்.

"நல்லவேளை அண்ணி... அவன் உங்ககிட்ட வரல."