பஞ்சாமிர்தம் வாங்காத பத்திரிகை

ஊர்ப் பத்திரிகை நடத்துவது என்றால், நேற்று யாரைப் பற்றி எழுதினோமோ அவர் முகத்திலேயே இன்று காலையில் பால் வாங்கப் போகும்போது முழிப்பது என்று அர்த்தம். பட்டணத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு என்ன, மந்திரியைப் பற்றி எழுதிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். நாங்கள் எழுதின ஆள் எங்களுக்கு முன்னாலேயே எங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.

பழனியில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் காவடிக் குழு நோட்டீசும் அடித்துப் பிழைப்பை ஓட்டினோம். வியாழக்கிழமை தோறும் ஒரு வாரப் பத்திரிகை போட்டு அந்தப் பிழைப்பை நாங்களே கெடுத்துக்கொண்டோம். ஐம்பதுகளின் கடைசியில் ஆரம்பித்தது. பெயர் வேண்டாம், சொன்னால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் என்று எங்க வீட்டுக்காரர் பெயர் இருக்கும். அவர் ஈ எறும்புக்கும் துரோகம் நினைக்காதவர். எழுதுவதும் வம்பு இழுப்பதும் என் சோலி. சொந்தபந்தம் உள்ள ஊரில் உண்மை பேசி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வெறுங்கை

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பதவியில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் கையால் ஒரு வெற்றிலைகூட வாங்குவதில்லை. இன்றைக்கு வெற்றிலை வாங்கினால் நாளைக்கு அவரைப் பற்றி எழுத வாய் திறக்காது, சிவந்துபோய்க் கிடக்கும் என்று எங்க வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்லிவிட்டு மிஷினுக்குப் பின்னால் போய்விடுவார்; வாசலில் நின்று திருப்பி அனுப்புகிற பாவம் எனக்கு.

புதிதாக ஜெயித்த கவுன்சிலர் ஒருவர், தான் பேசிய பேச்சைப் போடச் சொல்லி, ஒரு தூக்குச்சட்டி நிறையப் பஞ்சாமிர்தமும் ஒரு தார் மலைவாழையும் கொண்டுவந்தார். பேச்சை வாங்கிக்கொண்டேன், மற்றதைத் திருப்பிக் கொடுத்தேன். மனுஷன் கோபப்படவில்லை. நிஜமாகவே மனசு நொந்துபோனார். படியிறங்கி, குதிரை வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ஏம்மா, பழனியில குடியிருந்துக்கிட்டு பஞ்சாமிர்தத்த வேண்டாங்கிற ஒரே வீடு ஒங்க வீடுதாம்மா!"

விபூதிப் பொட்டலம்

பஸ் நிற்கிற இடத்தை மாற்ற வேண்டும் என்று நகரசபையில் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். புது இடத்துக்கு நேர் எதிரே ஒரு லாட்ஜ். அது யாருடையது என்று ஊரில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் திட்டவில்லை, வையவில்லை. "தீர்மானம் கொண்டுவந்தவர் பெயரும் எதிரே உள்ள லாட்ஜ் முதலாளி பெயரும் ஒன்றாக இருக்கிறதே, இருவரும் ஒருவர்தானா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டோம்.

பத்திரிகை வந்த அன்றைக்கு வெள்ளனே அவர் ஆட்களை விட்டு, கடை கடையாக எங்கள் பத்திரிகை முழுவதையும் வாங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு பிரதிகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாங்கினவர் அதைக் கொளுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கணக்குப்பிள்ளை சிக்கனமான ஆள். கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டார். பழைய பேப்பர் எங்கள் ஊரில் எங்கே போகும்? பொட்டலம் மடிக்க அடிவாரத்து விபூதிக் கடைக்குத்தான். அது தைப்பூசச் சமயம் வேறு. காவடி எடுத்து வந்த கூட்டம் முழுக்க எங்கள் கேள்வியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. உள்ளூரில் மட்டும் படிக்க வேண்டியதை மலை மேலே இருந்தவர்கள் வரை படித்தார்கள். ஊரே சிரிப்பாய்ச் சிரித்த பிறகு, தீர்மானம் சத்தமில்லாமல் வாபஸ் ஆனது.

மலைமேல் பேத்துப்பாறையில் பூண்டு பயிர் போடுகிற ஒருவர், அந்தப் பொட்டலக் காகிதத்தை நீவி எடுத்துக்கொண்டு எங்கள் அச்சகத்துக்கே வந்தார். அதன்மேல் இன்னும் திருநீறு ஒட்டியிருந்தது. "அச்சுல வந்தா நம்பலாமா, கூடாதான்னு மத்தவங்க கேக்குறாங்க. நான் சொன்னேன், முருகன் பிரசாதத்தையே இதுல சுத்திக் குடுத்திருக்காரு, பொய்யா இருக்குமான்னு!" என்றார்.

சித்தப்பா மகன்

கொடைக்கானலில் சீசனுக்குக் கடை போட இடம் ஒதுக்குகிற கமிட்டியில் இருந்த ஒருவர், ஏரிப் பக்கம் நல்ல இடமாகப் பார்த்துத் தன் தம்பிக்கு ஒதுக்கிவிட்டார் என்று எழுதினோம். அவர் மலையிலிருந்து கீழே இறங்கி வந்து மேஜையைத் தட்டினார். "அவன் என் தம்பியே கிடையாது. என் சித்தப்பா மகன்! மறுப்புப் போடுங்க!" என்றார். எங்களுக்கு மறுப்புப் போடுவதில் என்ன வருத்தம்? தப்பு தப்புதானே. அடுத்த வாரம் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி, "ஏரிப் பக்கத்து இடம் கமிட்டி உறுப்பினரின் தம்பிக்கு ஒதுக்கப்பட்டதாக எழுதியிருந்தோம். தம்பி அல்ல, சித்தப்பா மகன். வருந்துகிறோம்" என்று போட்டோம்.

எங்கள் கொடைக்கானல் ஏஜெண்ட் சூசை, வாய் திறந்தால் பாதி இங்கிலீஷ் பேசுவார். அவர் டிரங்க் கால் போட்டுக் கூப்பிட்டார். யாருக்கு என்ன ஆச்சோ என்று நான் ஓடினேன். மறுமுனையில் சிரிப்புத் தாங்காமல் சொன்னார்: "மேடம், போன வாரம் பாதி பண்டல் ரிட்டர்ன். கரெக்‌ஷன் வந்த இஷ்யூ காலையிலேயே காலி! வாரா வாரம் ஒரு கரெக்‌ஷன் போடுங்களேன்!"

வீராயி கேட்டது

இதுவரைக்கும் சிரித்தேன். இனிமேல் சிரிப்பு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே அண்ணன், வேலுச்சாமி. அம்மா முகம் எனக்கு நினைவில்லை. அண்ணன்தான் எனக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவார். ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயும் இருக்கும். எனக்குப் பிறந்த வீடு என்றால் அது அந்த மனுஷன்தான், வேறு சுவரோ கூரையோ இல்லை. ஆடலூர்ப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. அறுபதுகளில் எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றியத்துக்கு அவர் தலைவரானார். நான் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தேன்.

கொஞ்ச நாளில், மலை ஊர் ஒன்றிலிருந்து வீராயி என்று ஒரு அம்மா அச்சகத்துக்கு வந்தார். அவர் ஊருக்குப் பாதை கிடையாது. சீக்காளியை டோலி கட்டித்தான் தூக்கி இறங்க வேண்டும். ஒன்றியத்திலிருந்து ரோடு வருகிறது என்று சந்தோஷமாக இருந்தார்களாம். இப்போது ரோட்டுக்கு அளந்து கல் நட்டிருக்கிறார்கள். கல், ஊற்றுப் பக்கம் வந்ததும் ஊரை விட்டுவிட்டுக் காப்பித் தோட்டத்துப் பக்கம் மடங்குகிறதாம். "மூத்த மருமகளப் பாதி வழியிலயே பறிகொடுத்தேன் தாயி. பிள்ளையும் போச்சு. இப்ப சின்னவ முழுகாம இருக்கா," என்றார்.

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு, "யாரு தோட்டம்மா அது?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னையே பார்த்தார். செய்தி கொடுக்க வந்தவர் இல்லை அவர். சிபாரிசு கேட்டு வந்தவர். "ஒங்க அண்ணன் தோட்டம்தான் தாயி. நீங்க அவரு தங்கச்சின்னு தெரிஞ்சுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன். ஒங்க பேச்சக் கேக்காம வேற யாரு பேச்சக் கேக்கப் போறாரு?"

காப்பிக் கொட்டை

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாத ஆள். "ஆமா தாயி, மடக்கத்தான் சொன்னேன். காப்பிக் கொட்டையக் குதிரையில ஏத்தி ஏத்தி எறக்கி எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு. ரோடு வந்தாச் சரி, அவங்களும் தோட்டம் வரைக்கும் எறங்கி வந்து ஏறிக்கிறட்டுமே," என்றார். எறங்கி வருவதுதானே அண்ணே கஷ்டம் என்றேன். பொங்கலுக்கு அப்புறம் கூட்டம், எல்லாரும் கையைத் தூக்கப் போகிறார்கள், நீ இதில் தலையிடாதே என்றார். மதினி இலை போட்டுக் கூப்பிட்டும் உட்காராமல் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் மை துடைக்கிற துணியால் கையையே துடைத்துக்கொண்டிருந்தார். "இது மச்சான் விஷயம். நீ போடச் சொன்னாப் போடுவோம். வேண்டாம்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்," என்றார். நல்லவர்தான், ஆனால் பாரத்தை என் தலையில் வைத்துவிட்டார் பாருங்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "அந்த லாட்ஜ்காரருக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்க மாட்டாளா? அவ நம்மளப் படிச்சுட்டு அழுதிருக்க மாட்டாளா? அன்னைக்கு அவளக் கேட்டா போட்டோம்?" என்று கத்தினேன்.

கோக்க மறுத்த கை

எழுதினேன். எப்போதும் போல ஒரு கேள்விதான்: "ரோடு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறவரின் தோட்டத்துக்கே ரோடு திரும்பலாமா?" ஆனால் அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். ஊருக்கெல்லாம் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதுகிற நாங்கள் எங்கள் உறவை மட்டும் எப்படி மறைப்பது? "இதில் வருபவர் இப்பத்திரிகை ஆசிரியரின் மைத்துனர், இதை எழுதியவரின் உடன்பிறந்த அண்ணன்."

எங்கள் கம்பாசிட்டர் குருசாமி எதைக் கொடுத்தாலும் முகம் மாறாமல் அச்சுக் கோப்பவர். சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் அவருக்கு ஒன்றுதான். வெரசாக விழுந்துகொண்டிருந்த அச்செழுத்துச் சத்தம் நின்றதைக் கேட்டு எட்டிப் பார்த்தேன். எழுத்துக் கோக்கிற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் கொண்டுவரும் கரும்பில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. "மத்ததெல்லாம் கோத்துட்டேம்மா. 'அண்ணன்'ங்கிறத மட்டும் நீங்களே வந்து கோத்துருங்க. எனக்குக் கை வரல," என்றார்.

சீர் வராத பொங்கல்

கோத்தேன். பத்திரிகை வந்தது. பொங்கலும் வந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு பொங்கல் தவறாமல் அண்ணன் சீர் கொண்டுவருவார்: கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புது அரிசி, வெல்லம், ஒரு சேலை. அந்த வருஷம் பானையை ஏற்றிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். யாரும் வரவில்லை. வந்தாலும் எங்கள் சட்டப்படி நான் வாங்கக் கூடாது என்பது வேறு விஷயம். பொங்கல் பொங்கியது, எல்லோரும் குலவை போட்டார்கள், நான் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்குப் பிறந்த வீடு போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

தை கழிவதற்குள் ஒரு மத்தியானம், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். மிஷின் நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் எங்க வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "மாப்ளே, கூட்டம் முடிஞ்சிருச்சு. நான் இதுல பேசக் கூடாது, எனக்குத் தோட்டம் இருக்குன்னு சொல்லிட்டு வெளிய வேப்பமரத்தடியில போயி நின்னுக்கிட்டேன். அவங்களாக் கையத் தூக்குனாங்க. கல்லப் புடுங்கி ஊருக்கு நேரா நட்டாச்சு." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "எம் மேலயே எனக்கு இருந்த கோவத்துல ஒரு வாரம் சாப்பிடல. அந்த அம்மா மருமக விஷயம் அவங்களே வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாதுல்ல, நீ அதச் சொல்லவே இல்லையே தாயி," என்றார்.

சொல்லியிருப்பேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன்; கோபத்தில் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று யாருக்குத் தெரியும்? அழுதுகொண்டே அவர் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் காலி. அவர் அதைக் கவனித்துவிட்டு, சின்ன வயதில் சடையைக் கோணலாகப் பின்னிவிட்டுச் சிரிப்பாரே, அதே சிரிப்புச் சிரித்தார். "என்ன தாயி பாக்குற? பதவியில இருக்கிறவன்கிட்ட வெத்தலகூட வாங்க மாட்டேன்னு ஊருக்கெல்லாம் சட்டம் பேசுறவ நீ. இந்த நாற்காலிய விட்டு எறங்குற வருஷம் மொத்தச் சீரையும் சேத்து வண்டியில கொண்டாறேன். இப்ப சோறு கெடக்கா, இல்ல அதுக்கும் சட்டம் இருக்கா?"

அண்ணன் சீக்கிரம் தோற்று இறங்க வேண்டும், எனக்குக் கரும்பு வர வேண்டும் என்று மலையேறி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். ஆனால் வீராயியின் ஊரே முன்னால் நின்று அவரை மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டதால், ஒழுங்காகச் செய்தி போட்ட குற்றத்துக்கு அடுத்து வந்த பொங்கல்களிலும் கடைக் கரும்பையே கடித்தேன்.