குகைக்குள் ஒன்றிரண்டு அடிக்கலாம்

என் அப்பா முப்பது வருடம் போலீஸில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். நான் துகள் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த ஆறு வருடமும் அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதனால என்னளா பிரயோசனம்?" தென்காசிக் கடைத்தெருவில் யாராவது "மக என்ன பண்ணுதா?" என்று விசாரித்தால், கொஞ்சமும் கூசாமல் "பேங்க் பரீட்சைக்குப் படிக்குதா" என்று சொல்லிவிடுவார். பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பேன். எனக்கு வரும் பாருங்கள் ஒரு கோபம்!

கடைசி வருடம், சாரல் சீசனில், ஒரு தகர டின்னோடு ஊருக்கு வந்தேன். டீக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற சதுர டின்தான். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பலகைகள், இரண்டு கண்ணாடிக் குழாய்கள். மேலே போட்டிருந்த செங்கோட்டை ரயில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "தனியா போக வேண்டாம், நானும் வருதேன்" என்று அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வானத்திலிருந்து மியூவான் என்றொரு துகள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்கு உறைக்காது. கையை விரித்தால் நொடிக்கு ஒன்று உள்ளங்கை வழியாகப் போய்விடும். ஓடு, கான்கிரீட், ரயில் பெட்டி எதையும் அது சட்டை செய்யாது. மலை மட்டும்தான் அதைத் தடுத்து நிறுத்தும். நியூட்ரினோ மாதிரியான கூச்சக்காரத் துகள்களைத் தேடுகிறவர்கள் மலைக்கு அடியில் போய் உட்காருவது இதனால்தான், வெளியே இந்த மியூவான்களின் இரைச்சல் தாங்காது. மலை எவ்வளவு இருந்தால் இரைச்சல் எவ்வளவு குறையும் என்பதுதான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். நம்மூர்க்காரிக்கு மலைக்கு என்ன பஞ்சம்? செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற வண்டி பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகைக்குள் நுழைகிறது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தால் வேலை முடிந்தது.

டின்னுக்குள் மியூவான் பாயும்போதெல்லாம் ஒரு "டிக்" சத்தம் வரும், வெளியே சிவப்பு விளக்கில் எண் ஒன்று கூடும். ஆனால் ஒன்று, டின்னைத் திறக்கவே கூடாது. கரண்ட் ஓடும்போது பகல் வெளிச்சம் பட்டால் அந்தக் குழாய்கள் செத்துவிடும். அவை எங்கள் ஆய்வகம் எனக்கு இரவல் கொடுத்தவை, வேறு ஜோடி கிடையாது. அவை போனால் என் அத்தியாயமும் போச்சு, ஆறு வருடமும் போச்சு. வண்டியில் யாரும் கை வைத்துவிடக்கூடாதே என்று நான் சுவிட்சையும் உள்ளேயே வைத்து மூடி, சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன், அணைப்பதானாலும் திறந்தாக வேண்டும். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

எதிர் சீட்டில், குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை தாண்டியதும் அவர் காதைத் தீட்டிக்கொண்டார். என் மடியில் டின் இருந்த துணிப்பையை எட்டிப் பார்த்தார். கறுப்பு டேப், சிவப்பு நம்பர், டிக் டிக்.

"ஏ யம்மா! இங்கன ஒரு பெட்டி டிக்கு டிக்குன்னு அடிக்குதே!"

அவ்வளவுதான், ரயில் பெட்டியே பாதி காலியாகிவிட்டது. ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார். சின்ன வயது, முகமெல்லாம் வியர்வை.

"என்ன மேடம் இது? தொறங்க."

"தொறக்க முடியாது சார். தொறந்தா செத்துரும்."

எது செத்துரும் என்று சொல்லாமல் விட்டது என் தப்புதான். அவர் இரண்டடி பின்னால் போனார். "நம்பர் வேற ஓடுதே!"

"ஏறிக்கிட்டுல்லா போகுது. குண்டுன்னா எறங்கணும்வே" என்றார் அப்பா, நிதானமாக. பிறகு தன் ஓய்வு பெற்ற போலீஸ் அடையாள அட்டையை நீட்டினார். போலீஸ்காரர் விறைப்பாக நின்றார். ஆனாலும் விடவில்லை. "மன்னிச்சிருங்கய்யா. பகவதிபுரத்துல எறக்கித் தொறந்து பாத்தே ஆகணும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "சார், இது வானத்துலருந்து வர்றதை எண்ணுற மெஷின். குகைக்குள்ள போனா மேல மலை இருக்கும், எண்ணிக்கை படுத்துரும். வெளிய வந்தா மறுபடி அடிக்கும். குண்டு இப்படிச் செய்யுமா? குகை வரைக்கும் மட்டும் பொறுங்க."

அவர் யோசித்தார். "குகைக்குள்ள சத்தமே வராதா?"

அப்பா என் காலை மிதித்தார். "வராது. ஒண்ணுகூட வராது."

"வரும்" என்றேன். "நடுக் குகையிலகூட ஒண்ணு ரெண்டு அடிக்கலாம். வேகமா வர்றது மலையையும் துளைச்சிட்டு வரும். மூணாக்கூட இருக்கலாம்."

"கெட்டிக்காரி! ஒண்ணும் அடிக்காதுன்னு சொல்லித் தொலையேன்ளா" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"பொய் சொல்ல முடியாதுப்பா."

பகவதிபுரம் வந்துவிட்டது. போலீஸ்காரர் டின்னையும் பார்த்தார், பிளாட்பாரத்தையும் பார்த்தார். அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். டின்னைத் தூக்கித் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "இந்தா பாரும்வே, வெடிச்சா மொதல்ல நான்தான். குகை தாண்டி நீரு என்ன செய்யணுமோ செய்யும்." வண்டி நகர்ந்தது. 

குகை வாய் வந்து இருட்டியது. டிக், டிக், டிக். கொஞ்ச தூரத்தில் சத்தம் தயங்கியது, பிறகு அடங்கியது. சக்கர ஓசை மட்டும்தான். போலீஸ்காரர் குனிந்து டின்னில் காதை வைத்தார். அப்பாவும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில், நடுக் குகையில், கணீரென்று ஒரு "டிக்".

போலீஸ்காரரின் கை சட்டென்று டேப்பின் முனைக்குப் போனது. போன கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு ரெண்டு அடிக்கும்னு சொன்னீங்கள்லா?" தலையாட்டினேன். அவர் கையை எடுத்துவிட்டார். இன்னொன்று அடித்தது, அவ்வளவுதான். வெளிச்சம் வந்ததும் டின் பழையபடி அடிக்கத் தொடங்கியது. எதிர் சீட்டு அக்கா கைதட்டியேவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார் போலீஸ்காரர். "ஆனா மேடம், இதனால என்ன பிரயோசனம்?"

துகள் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான் ஆஸ்பத்திரி ஸ்கேன், வெப்சைட் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலை எடுத்தேன். அதற்குள் அப்பா சீறினார்: "மலையத் தொடாம மலை எவ்வளவு இருக்குன்னு சொல்லுதா. வேற என்னவே வேணும் உமக்கு?" ஆறு வருடம் அதே கேள்வியைக் கேட்ட மனுஷன்!

ஆரியங்காவில் இறங்கித் திரும்புகிற வண்டிக்குக் காத்திருந்தோம். அப்பா இரண்டு டீ வாங்கி வந்தார். பிறகு கேட்டார்: "நான் சொன்ன மாதிரி ஒண்ணுமே அடிக்காதுன்னு நீயும் சொல்லியிருந்தா?"

"அந்த மொத சத்தத்துலயே பிரிச்சிருப்பாருப்பா."

"ஆமா." டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் கேஸ் எழுதியிருக்கேன். இதுல ஒண்ணு ரெண்டு தப்பா இருக்கலாம்னு எங்கிட்ட சாட்சி சொன்னவன் ஒருத்தனும் சொன்னதில்ல." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நானும் எழுதுனதில்ல" என்றார்.

 திரும்பும்போது டின்னை அவரே மடியில் வாங்கிக்கொண்டார். குகை இருட்டில் காதை வைத்து எண்ணினார். சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்த நான், நடுக் குகையில் விழுந்தவை நான்கு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் நோட்டை வாங்கி, பழைய ஸ்டேஷன் கையெழுத்தில் அவர் எழுதினார்: "மூன்று. இன்னொன்று கேட்டது போல் இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை."