பொன்தகட்டு வேதமும் உடைந்த பப்படமும்

பொறாமையில் நான் கொஞ்சம் தேர்ச்சி பெற்றவன். பிறர் பொறாமைப்பட்டால் முகம் கறுக்கும். எனக்கு வயிறு இளகும். இந்த விவகாரத்தில் என் வயிறு ஒரு மாதம் இளகிக் கிடந்தது.

எங்கள் பக்கத்துத் தாலூக்காக்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கருங்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் நானே. புதுக்கடைக்கு அந்தப்புறம் ஒரு வீட்டில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. நிச்சயமான மறுவாரமே, ஒரு குலை மட்டி வாழைப்பழத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெண்ணின் மாமன் மகன். உலகச் சண்டைக் காலத்தில் கல்கத்தாவில் பட்டாளத்துக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆறடி உயரம், இஸ்திரி போட்ட சட்டை. மடியில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு நிச்சயமான பெண் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ சர்வேசுரனுக்குக் கை உண்டா அத்தான்?"

"இந்தப் புஸ்தகக்காரங்களுக்கு உண்டு பிள்ளே. மாம்சமும் எலும்புமா, நம்மளப் போலவே."

அத்தான்! அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் கையிலிருந்த மட்டிக்குலை இரண்டு மடங்கு கனத்தது.

அந்தப் புத்தகத்தை அவனுக்குக் கொடுத்தது ஒரு அமெரிக்கப் பட்டாளக்காரன். மார்மன் சபையைச் சேர்ந்தவனாம். காய்ச்சலில் கிடந்தபோது இவன் பார்த்துக்கொண்டதற்கு நன்றியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தச் சபைக்காரர்களுக்கு நம்முடைய வேதபுத்தகத்தோடு இன்னொரு வேதமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு இளைஞன் குன்றிலிருந்து பொன்தகடுகளைத் தோண்டியெடுத்தான், அதில் எழுதியிருந்ததுதான் இது என்பது அவர்கள் நம்பிக்கை.

எங்கள் வேதம் வெறும் தாள். அவனுடையதோ பொன். கல்யாண வீட்டில் வந்து பொன் என்று சொன்னால் எந்தக் காது நிமிராது?

"ஓய் வாத்தியாரே, இரும்," என்றான் அவன். "நம்ம சபையில தெய்வ வெளிப்பாடு அப்போஸ்தலர் காலத்தோட முடிஞ்சுது. பூட்டு போட்டாச்சு. இவங்களுக்கு அப்படியில்ல. இன்னைக்கும் தீர்க்கதரிசி உண்டு, இன்னைக்கும் புதுசா வெளிப்பாடு வரும். கதவு தெறந்தே கெடக்கு."

நான் அந்த வீட்டுக் கதவைப் பார்த்தேன். அதுவும் திறந்தேதான் கிடந்தது. தாம்பூலம் மாற்றியதோடு எல்லாம் முடிந்தது என்று நான் நம்பியிருந்தேன். இவன் இருக்கும் வீட்டில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று யார் கண்டது? நான் ஒரு வேடிக்கை சொன்னேன். கதவுக்குப் பின்னால் சிரிப்பு எழவில்லை. அவன் மட்டும் சிரித்தான், அதுவும் இரக்கப்பட்டு.

அன்றிலிருந்து என் வேதப் போர் தொடங்கியது. மார்மன்காரர்களை வென்றால் அத்தானை வென்றதாகும் என்று ஒரு கணக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் அவனையே தேடிப் போய், அந்தப் புத்தகத்திலும் அந்தச் சபையிலும் என்ன இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து மூவரும் நமக்கு ஒரே சர்வேசுரன். அவர்களுக்கு மூவரும் வேறு வேறானவர்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று. பிதாவுக்கு நம் வேதத்தில் சரீரம் கிடையாது, அவர்கள் வேதத்தில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்து, சைக்கிள் மிதித்தபடி உரக்கச் சொல்லிப் பழகினேன். "உண்டு என்கிறார்கள் மார்மன்காரர்கள், ஆனால்..." என்று ஆரம்பிக்கும் என் பிரசங்கத்தைக் கேட்டு வழியோரத்து ஆடுகள் விலகி நின்றன.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அதற்கும் முன், மாப்பிள்ளையும் பெண்ணும் பெண்ணுடைய பங்குச் சாமியார் முன்னால் நின்று செபமும் ஞானோபதேசமும் ஒப்பிக்க வேண்டும். தவறினால் ஓலை தள்ளிப்போகும். எங்களுக்கு ஒரு ஞாயிறு தள்ளினாலும் ஈஸ்டருக்கு முந்திய நோன்பான தபசுகாலம் வந்துவிடும். தபசில் கல்யாணம் கிடையாது. உயிர்த்த திருநாள் கழிய வேண்டும். அதாவது நாற்பது சொச்சம் நாள், அந்த வீட்டு முற்றத்தில், அந்த நாற்காலியில், அந்த அத்தான்.

புதன்கிழமை சாமியார் எங்கள் இருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "வாத்தியாருக்குக் கேக்கவே வேண்டாம். இருந்தாலும் முறை. சர்வேசுரனுக்குச் சரீரம் உண்டோ?"

"உண்டு," என்றேன்.

பழகிய வாய். 'என்கிறார்கள் மார்மன்காரர்கள்' என்ற மீதி தொண்டையில் நின்றுவிட்டது. சாமியாரின் புருவம் ஏறியதைப் பார்த்ததும் பதற்றத்தில், "மாம்சமும் எலும்பும்," என்று வேறு சேர்த்துக்கொண்டேன். பத்து வருஷமாக அதே கேள்விக்கு 'இல்லை, அவர் அரூபி' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

சாமியார் பெண் பக்கம் திரும்பினார். "இல்ல சாமி, அவரு அரூபி," என்றாள் அவள், நிலத்தைப் பார்த்தபடி.

"சனிக்கிழமை வாரும் வாத்தியாரே. அன்னைக்கும் எலும்பு வந்துதுண்ணா ஓலை உயிர்ப்புக்குப் பெறகுதான்."

வெளியே அவளைக் கூட்டிப்போக அத்தான் குடையோடு நின்றான். அவள் என்னிடம் முதல்முறையாக நேராகப் பேசினாள்.

"நீங்களும் அப்படித்தான் நம்புதியளா?"

"ஐயோ, இல்ல! வாய் தவறிப்போச்சு."

"நான் நெசமாயிருக்கும்ணு நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "எனக்க தம்பி வசூரி அம்மையில போகும்போ, சர்வேசுரன் என்னைத் தூக்குவாராண்ணு கேட்டான். தூக்குவாருண்ணு சொன்னேன். கை இல்லாதவரு எப்படித் தூக்குவாரு? அதைத்தான் அத்தான்கிட்ட கேட்டுட்டு இருந்தேன்."

இதுதான் விஷயம்! நான் ஒரு மாதமாக எதிரியின் இஸ்திரிச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானோபதேச வாத்தியாரான நான் வாயைத் திறந்தேன். வேடிக்கைதான் வந்தது. மூடிக்கொண்டேன்.

அத்தான் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "புஸ்தகம் சினேகிதன் தந்தது பிள்ளே, அதனால வச்சிருக்கேன். நான் நம்புதது நம்ம வேதம்தான். பிதா அரூபி. ஆனா சுதன் மனுசனாகி எடுத்த சரீரத்தைக் களஞ்சிட்டா மோட்சத்துக்குப் போனாரு? ஆணித் தழும்போடல்லியா போனாரு! அந்தக் கை போதாதா எனக்க மச்சினனைத் தூக்க?"

அவள் அழுதாள். அழுகையின் கடைசியில் சிரித்தாள். என் எத்தனை வேடிக்கைக்கும் வராத சிரிப்பு.

அவன் மார்மன்காரனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். அசல் கத்தோலிக்கனாக, என்னைவிட நல்ல கத்தோலிக்கனாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை 'இல்லை, அரூபி' என்று தெளிவாகச் சொன்னேன். சாமியாருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்போ மோட்சத்தில சரீரமே கெடையாதோ?" என்று மடக்கினார். தழும்போடு போன கையைப் பற்றி, அத்தான் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். சாமியார் நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லாயிருக்கே! யாரு சொல்லித்தந்தது?"

"நானே யோசிச்சேன் சாமி."

பக்கத்தில் நின்றவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் முதல் ஓலை வாசித்தார்கள்.

மூன்று ஓலையும் முடிந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். அதே சாமியார். தட்டிக்கு இந்தப்புறம் முழங்காலில் நின்று, பொய் சொன்னதையும் பொறாமையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப்புறம் இருமல் போல ஒரு சத்தம். சிரிப்பாகவும் இருக்கலாம்.

"அருள்நிறை மந்திரம் பத்து சொல்லும். நாளைக்கு விருந்தில அவனுக்க இலைக்கு நீரே உம்ம கையால வெளம்பும். அதுதான் அபராதம்."

மாப்பிள்ளைக் கோலத்தில், பந்தியில் குனிந்து அவனுக்கு விளம்பினேன். சோறு, பருப்பு, நெய், எல்லாம் முறையாக. பப்படக் கூடை வந்தபோது மட்டும் கை தானாகத் துழாவி, ஓரம் உடைந்த ஒன்றை எடுத்து வைத்தது.

அவன் கவனிக்கவில்லை. மணவறையிலிருந்து அவள் கவனித்துவிட்டாள். என் வேடிக்கைக்கு அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். இத்தனை பேர் நடுவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

அதனால்தான் அந்தப் பப்படத்தை இன்றுவரை எந்தச் சாமியாரிடமும் பாவமாகச் சொல்லவில்லை.