வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போன லட்சம்

மாம்பலம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில், முன்னால் போன குடும்பத்தின் துணிப் பைகளுக்குப் பின்னால் நகர முடியாமல் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. கைபேசியில் எங்கள் கடையின் வங்கிக் கணக்கை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை யாரோ ஒருவரிடமிருந்து ஒரு லட்சம் உள்ளே. திங்கட்கிழமை ஒரு லட்சத்து ஐந்நூறு வெளியே. அதற்கு முந்தைய வாரமும் அப்படியே. அதற்கும் முந்தைய வாரமும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மற்ற நாட்களில் கல்லாப் பணம் ஒழுங்காக வங்கிக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. சனிக்கிழமை கடைக் கூட்டத்தில் யாரும் வங்கிக்குப் போவதில்லை. திங்கட்கிழமை பெரிய தொகையாகப் போய்ச் சேருகிறது. நடுவில் அது எங்கே இருந்தது? எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். எங்கள் பணத்தையே எடுத்து, எங்களுக்கே வட்டிக்கு விட்டு, திங்கட்கிழமை திருப்பி வைக்கிறார்கள்.

அதைச் செய்யக்கூடியவர் ஒருவர்தான். கல்லாவில் உட்காரும் அண்ணன். சைதாப்பேட்டைக்காரர். நான் பள்ளிக்கூடப் பையைக் கடையில் வீசிவிட்டு ஓடிய காலத்திலிருந்து அவர் கையில்தான் சாவி. என் சந்தேகம் உண்மையென்றால் அன்றே அவர் வேலை போய்விடும். அது தெரிந்தேதான் சந்தேகப்பட்டேன்.

எங்கள் கடை ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில். லைனிங் துணி, சேலை ஃபால்ஸ், உள்பாவாடை. அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து போட்டது. வங்கி பத்து லட்சத்துக்கு ஓவர்டிராஃப்ட், அதாவது ஓ.டி., கொடுத்திருக்கிறது. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் அதுவரை எடுத்துக்கொள்ளலாம், எடுத்த தொகைக்கு நாள் கணக்கில் வட்டி. அப்பாவோ அந்தப் பத்து லட்சத்தையும் தன் சொந்தப் பணமாகவே பாவித்துப் பழகியிருந்தார். அடையாறில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் கணக்கை நோண்டிச் சம்பளம் வாங்குகிற நான், இரண்டு மாதமாகத்தான் வீட்டுக் கணக்கை நோண்ட ஆரம்பித்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் வங்கிக் குறுஞ்செய்தி எதையும் நான் நம்பியதில்லை. "சிறு கட்டணம்" என்று எழுதியிருந்தால் எதற்கு என்று கேட்டுப் போன் போட்டுவிடுவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுக் கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு பாட்டிலில் மோர் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, ஆபீஸ்ல தொரத்திட்டாங்களா?"

"கல்லாவத் தெறங்கண்ணா. எண்ணணும்."

அவர் மோரைக் கீழே வைத்தார். இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சேர்ந்தது. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இரண்டாவது முறை எண்ணிக்கொண்டிருக்கும்போது என் கைபேசி சிணுங்கியது. கணக்கில் ஒரு லட்சம் வரவு.

பணம் என் கைக்குக் கீழே கிடக்கிறது. லட்சமும் வந்துவிட்டது. அப்படியென்றால் அது வேறு யாரோ கொடுத்த லட்சம்.

"நான் எட்த்துகினேன்னு நெனச்சியா?" என்றார் அண்ணன்.

உள்ளறையிலிருந்து அப்பா போனைக் கையில் பிடித்தபடியே வந்தார். பின் தெரு ஃபைனான்ஸ்காரரிடம் பேசி முடித்திருக்கிறார். ஈரோட்டுத் துணிக்காரருக்குக் கொடுத்த காசோலை இன்று கணக்குக்கு வருகிறதாம். ஓ.டி. விளிம்பில் நிற்கிறதாம்.

"பணந்தான் கல்லாவுல இருக்கேப்பா! கொண்டுபோய்க் கட்ட வேண்டியதுதானே?"

"ஏட்டி, வெள்ளிக்கெழம மகாலட்சுமிய எவனாது வெளிய அனுப்புவானா?"

"அப்ப கடன் மட்டும் வாங்கலாமா?"

"கடன் உள்ளதான வருது."

அண்ணன் பக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். அப்பா விடவில்லை. "லச்சத்துக்கு அஞ்சூறு ரூவா. அரை வட்டி. பேங்க்காரன் பதினாலு கேக்கான். எது லாபம், நீயே சொல்லு."

"அந்தப் பதினாலு ஒரு வருஷத்துக்குப்பா. இந்த அரை மூணே நாளைக்கு."

பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். மூன்று மூன்று நாளாகப் பிரித்தால் வருஷத்தில் நூற்று இருபத்தொரு தடவை. அரையை அதால் பெருக்கினால் அறுபது சதவீதம். "வருசம் பூராவா வாங்குதேன்?" என்றார். "எல்லா வெள்ளியும் வாங்குறீங்களே" என்றேன். ஐம்பத்திரண்டு ஐந்நூறு, இருபத்தாறாயிரம். கல்லாவில் பணத்தை வைத்துக்கொண்டே அதை எடுக்காமல் இருந்ததற்குக் கொடுத்த கூலி.

"என் ஒரு மாச சம்பளத்த வுட ஜாஸ்தி" என்றார் அண்ணன், அப்பாவைப் பார்க்காமல். "தீவாளிக்கு சம்பளத்துல ஆயிரம் ஏத்திக் கேட்டேன். கைல இல்லன்ட்டாரு."

பிறகு சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எண்ணிட்டுப் பூட்டிக்க. இந்த மாசக் கடைசியோட கணக்கு முடிச்சிக்கலாம்."

மறுநாள் வந்தார். வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டார். "மேடம், சில்லற வேணும்" என்றார். அப்பா எவ்வளவோ சமாதானம் பேசினார். நானும் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றார். மாசக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

வரிவரியாகக் கணக்கைத் திரும்பப் படித்தேன். இந்த முறை ஆட்களை விட்டுவிட்டு, இலவசமாக வந்தவற்றைச் சந்தேகப்பட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. வாடிக்கையாளர் கைபேசியில் பணம் போட்டதும் "பெறப்பட்டது" என்று கத்தும். வேறொரு வங்கி சும்மா கொடுத்த பெட்டி. அதனால் அந்தப் பணமெல்லாம் அந்த வங்கியில் போய் வட்டியில்லாமல் தூங்குகிறது. இங்கே ஓ.டி.க்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து வட்டி ஓடுகிறது. இரண்டு வங்கிக்காரர்களும் கடைக்கு வந்து காப்பி குடித்துப் போவார்கள். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அந்தப் பெட்டியின் பணம் நேராக ஓ.டி. கணக்குக்கே வந்தால், வெள்ளிக்கிழமைக் கடனே தேவைப்படாதே? அப்பாவிடம் கேட்டேன். "நம்ம கையால வெளிய போவலல்லா? அப்பஞ் செரி. ஆனா வியாழக்கெழமையே மாத்தீரு."

இதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "ரெண்டு வருசம் முன்னாடியே நான் சொன்னேன், மொதலாளி காதுல வாங்கல" என்றார். அதில் மேடம் இல்லை. பாப்பாவும் இல்லை.

பெட்டியின் கணக்கை மாற்றும் படிவம் என் பையில் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் வங்கி திறந்ததும் போக வேண்டும். அண்ணனையும் கூப்பிடப் போகிறேன். மிச்சமாகும் இருபத்தாறாயிரத்தில் அவர் கேட்ட ஆயிரம் மாதாமாதம் போக, பதினாலாயிரம் கடைக்கு நிற்கும். அந்தக் கணக்கையும் ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவின் கையெழுத்தை இன்றைக்கே அதில் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் நீட்டினால் அண்ணன் நம்ப மாட்டார்.