பொறுங்க, பேச்சு வரும்

எழுபதுகளின் தொடக்கத்தில், மன்னவனூரில் எங்கள் உருளைக்கிழங்குக் காட்டுக்கு மேலே ரோட்டை அகலப்படுத்துவதற்காகப் பாறைக்கு வெடி வைத்தார்கள். என் மகள் அப்போது இன்னும் தவழத் தொடங்காத பிள்ளை, சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெடிச் சத்தத்தில் தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பதறிப்போய்த் தொட்டிலை விலக்கிப் பார்த்தேன். அவள் இமைகூட அசையவில்லை.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். "என்னங்க, பாப்பாவுக்குக் காது கேக்கலையோனு பயமாருக்குங்க."

"வாயக் கழுவு. நல்லாத் தூங்குற புள்ளையப் போயி..." என்றார்.

அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தாள். அவளிடம் எதற்கும் ஒரு சமாதானம் இருக்கும். "எந்தம்பியே நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. இந்த வம்சமே அப்படித்தேன்."

நான் விடவில்லை. வெள்ளனே பஸ் பிடித்துப் பிள்ளையைக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். டாக்டரின் நிழல் மேசையில் ஆடியதைப் பார்த்து அவள் திரும்பினாள். "பாத்தியாம்மா, நல்லாக் கேக்குது" என்று சிரித்தார்.

"நிழலப் பாத்துத் திரும்புதுங்க சார். வீட்டுல தாம்பாளத்தத் தட்டிப் பாத்துட்டேன், திரும்பல."

"நீ டாக்டரா, நான் டாக்டரா? பொறும்மா, பேச்சு வரும்."

பொறுத்தோம். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். பழனிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டார்கள். நான் களை எடுக்கப் போயிருந்த ஒரு நாள், நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை அறுத்தால் பேச்சு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கணவரின் அக்கா அவளைப் பக்கத்து ஊரான கூக்காலில் ஒருவரிடம் கொண்டுபோய் அறுத்துவிட்டாள். நான் வந்தபோது பிள்ளையின் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். "நல்லதுக்குத்தேன் செஞ்சேன்" என்றாள். அதன்பின் யார் முகத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்தாலும் என் மகள் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

அவளுக்கு ஆறு வயதானபோதுதான் என் கணவர் பிடிவாதம் விட்டு இறங்கி வந்தார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்துப் பார்த்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, ரெண்டு காதுமே கேட்கவில்லை என்றார். பிறகு, "இதக் கைக்குழந்தையிலயே கொண்டாந்திருந்தா மிஷின் மாட்டிப் பழக்கியிருக்கலாம்மா. இம்புட்டு நாளா என்ன செஞ்சீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைக்குழந்தையில் நான் கொண்டுபோன கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நெஞ்சில் பெட்டியும் காதில் ஒயருமாக ஒரு மிஷின் கொடுத்தார்கள். அதில் வந்த இரைச்சல் அவளுக்குப் பேச்சாகப் படவில்லை. பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். மலையில் அதற்குப் போடும் பேட்டரிச் செல்லும் கிடைக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில், "ஊமப்புள்ளைய எங்க உக்கார வைக்க?" என்றார்கள்.

கடைசியில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில், ஹாஸ்டலில் சேர்த்தோம். லீவுக்கு வந்து கூட்டிப்போவேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? லீவு, நாளை, திரும்பி வருவேன் என்ற எதற்கும் எங்களுக்குள் ஒரு சாடைகூட இல்லை. என் சேலையைப் பிடித்த அவளுடைய விரல்களை ஒரு டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்திருந்தால் விட்டுவிட்டு வந்திருக்கமாட்டேன்.

அங்கே மற்றப் பிள்ளைகளிடம் அவள் கைப்பேச்சு கற்றுக்கொண்டாள். லீவுக்கு வந்தால் கைகள் ஓயாமல் ஓடும். எனக்குப் பாதி புரியாது. நான் திரும்பத் திரும்பக் கேட்க, அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் பெரியவளான பிறகு ஒருமுறை கூட்டிவரப் போயிருந்தேன். அவள் என்னைப் பார்த்து நெடுநேரம் கையசைத்தாள். பக்கத்திலிருந்த டீச்சரிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். டீச்சர் அவள் கைகளைப் பார்த்துச் சொன்னார்.

"மொதமொத இங்க விட்டுட்டுப் போனீங்கள்ல... தான் ஏதோ தப்புச் செஞ்சதால தூக்கி எறிஞ்சிட்டீங்கனு நெனச்சாளாம். என்ன தப்புனு கேக்குறாம்மா."