ஆகஸ்ட் மாதத்து மக்கு

என் தம்பி மெல்கர் கோல் போடுகிறவன் அல்ல. ஐஸ் ஹாக்கி ஆடுகிறான் என்றதும் எத்தனை கோல் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் தடுப்பாட்டக்காரன். எதிரணிக்காரன் அந்தக் கெட்டி ரப்பர் வட்டை மட்டையால் ஓங்கி அடிக்கும்போது அதற்கு முன்னால் போய் விழுவது அவன் வேலை. தொடை, விலா, முழங்கை என்று எது கைவசம் இருக்கிறதோ அதைக் கொடுப்பான். மறுநாள் காலையில் நொண்டிக்கொண்டே வந்து, பெரிய கிண்ணத்தில் தயிரை ஊற்றிக்கொண்டு, நன்றாகத் தூங்கினேன் என்று சொல்வான்.

பதினாறு வயதில் ஹாக்கிப் பள்ளிக்கூடம் என்று வேறு ஊருக்குப் போனான். எங்கள் நாட்டின் வடக்குப் பக்கத்துப் பையன்கள் அப்படித்தான் போவார்கள். மாக்கரோனியைத் தாங்களே வேகவைத்துத் தின்று, துணியைத் தாங்களே துவைத்து, அப்படியே ஆளாகிவிடுவார்கள். பத்தொன்பதில் திரும்பி வந்து எங்கள் ஊர் அணியிலேயே, இரண்டாம் லீகில் சேர்ந்தான். அம்மா காலமாகிவிட்டதால் வீட்டில் அப்பா ரோலண்டும் நானும்தான். அப்பாவுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. நான், யோன்னா, நகராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறேன். வழியில் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்களோடு தினம் மல்லுக்கட்டி என் வாய் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கும்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும், ஆட்டங்கள் தொடங்குமுன், ஆட்டக்காரர்களைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு சோதனை நடத்துவார்கள். சில சொற்களைக் காட்டி மறைத்துவிட்டு என்ன பார்த்தாய் என்று கேட்கும். வடிவங்களைக் காட்டும், சட்டென்று பொத்தானை அழுத்தச் சொல்லும். பிற்பாடு தலையில் அடிபட்டால் அதே சோதனையைத் திரும்ப எழுத வேண்டும். ஆகஸ்டில் வந்த மதிப்பெண் அளவுக்கு வந்தால்தான் மீண்டும் ஆட விடுவார்கள். நம் பையன்கள் சும்மா இருப்பார்களா? ஆகஸ்டிலேயே வேண்டுமென்று குறைவாக எழுதிவிடுவார்கள்.

அந்த வருஷம், எங்கள் ஊர் ஆகஸ்ட் வழக்கப்படி, தோட்டத்தில் மேசை போட்டு, காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு, ஆற்று நண்டு தின்றுகொண்டிருந்தபோது மெல்கர் அந்தக் கதையைச் சொன்னான்.

"பாதிக் கண்ண மூடிக்கிட்டேதான்கா பண்ணேன். பத்துப் பன்னெண்டு வார்த்த காட்டுச்சு. நாய் மட்டும் ஞாபகம் இருக்குன்னுட்டேன்."

"எல்லாருமா இப்படிப் பண்றீங்க?"

"எல்லாருந்தான். எங்க கோல்கீப்பர் அவன் பேரையே யோசிச்சுத்தான் அடிச்சான்."

அப்பா நண்டுக் காலை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "எங்க காலத்துல சோதனையாவது ஒண்ணாவது. தலையே இல்லாம பன்னெண்டு வருஷம் ஆடினவன் நானு."

"அது பாத்தாலே தெரியுதுப்பா," என்றேன். தம்பியிடம், "நீ மக்கா நடிக்கணுமாடா? எதுக்கு வீண் சிரமம்?"

நண்டு ஓட்டை என்மேல் எறிந்தான். மூவரும் சிரித்தோம்.

பிப்ரவரியில் அடிபட்டது. வட்டை எடுக்கச் சுவரோரம் குனிந்தவனை எதிரணிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து வந்து மோதினான். தலை அந்தச் சுவர்ப் பலகையில் போய் இடித்தது. விழுந்தவன் தானே எழுந்து தளத்தைவிட்டு வெளியே வந்தான், கூட்டம் கைதட்டியது. பிறகு வாரக்கணக்கில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சத்தம்கூட அவனுக்கு ஆகவில்லை. ஒருநாள் உருளைக்கிழங்கு வாங்கப் போனவன், கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடி எனக்குப் போன் செய்து, என்ன வாங்க வந்தேன் என்று கேட்டான்.

மார்ச்சில் சோதனை வைத்தார்கள். தேறிவிட்டான். ஆகஸ்டில் மக்காக நடித்தவன் எப்படித் தேறாமல் இருப்பான்? அந்த வாரக் கடைசி ஆட்டத்தைப் பார்க்கத் தெற்கேயிருந்து முதல் லீக் அணி ஒன்று ஆள் அனுப்புவதாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அணியின் மருத்துவர் ஹெடெஃபால்க் அம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"ஆகஸ்ட்ல அவன் எழுதினது பொய் டாக்டர். வேணும்னே கொறச்சு எழுதினான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. அவர்கிட்டயே கேட்டேன். ஒழுங்காத்தான் பண்ணேன்னு சாதிக்கிறாரு. தலைவலி இல்ல, தலைசுத்தல் இல்லங்கறாரு. அவர் வந்து உண்மையச் சொன்னா இந்த நிமிஷமே நிறுத்திடுவேன். அவருக்கு இருபது வயசாச்சு. உங்க பேச்ச மட்டும் வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா நிறுத்தறது?"

அவர்மேலும் தப்பில்லை. திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மெல்கரைப் பிடித்தேன். "போய்ச் சொல்லுடா. நடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு."

"சொன்னா ஏமாத்துக்காரன்னு ஆயிடும். தெக்கேருந்து வர்றவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. எனக்கு வேற என்னக்கா தெரியும்?"

"கத்துக்கலாம்."

"என்ன, உன் வண்டி ஓட்டவா?"

"அதுக்கும் தலை வேணும்டா."

அவன் சிரிக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அவன் ஒடம்பு, அவனுக்குத் தெரியும்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலே சரியில்லை.

ஆட்டத்துக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்திருந்தால் இன்னும் மோசம். அவன் வட்டுக்கு முன்னால் விழுந்த ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் யாரென்றுகூடத் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் லீகில் அத்தனை அமைதியான தடுப்பாட்டக்காரனைப் பார்த்ததில்லை என்று தெற்கத்தி ஆள் சொன்னாராம். ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்பா விசேஷத்துக்கு வாங்கும் பச்சை நிறக் கேக் வாங்கி வந்தார், வெட்டும்போது அழுதார். நானும் இரண்டு துண்டு தின்றேன். ஒருவேளை நான்தான் வீணாகப் பயந்தேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

கோடையில் அதே நகராட்சிக்குச் சாலையோரப் புல் வெட்டுகிறேன். ஆகஸ்டில் ஒரு மதியம் மெல்கர் போன் செய்தான். புது ஊரில் குடியேறி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இன்னிக்கு சோதனை வெச்சாங்கக்கா."

"மறுபடியும் மக்கு வேஷமா?"

"இல்ல. இந்தத் தடவ நெசமாவே பண்ணேன். நல்லாத் தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுட்டு, போன அணைச்சு வெச்சுட்டுப் போனேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு முயற்சி பண்ணேன்க்கா."

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். "என் கண்ணு," என்றேன். வாழ்நாளில் அவனை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "இனிமே தைரியமா இரு. அடிபட்டா உண்மையான மார்க்க வெச்சுப் பாப்பாங்க."

"அதில்லக்கா," என்றான்.

"என்னடா?"

"இங்க இருக்கற டாக்டர் நம்ம ஊர்லேருந்து பழச வரவழைச்சிருந்தாரு. போன ஆகஸ்ட்ல பண்ணது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. அப்படியே இருக்கு, கொஞ்சங்கூட மாறல, ரொம்ப நல்ல விஷயம்னு சொல்லிக் கை குடுத்தாரு."

வெயிலில் வெட்டிய புல் வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய அதே மதிப்பெண்தான் இப்போது முழு முயற்சிக்கும் வந்திருக்கிறது. வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ என்ன சொன்ன?"

"நன்றின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?" என்றான். பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். "அக்கா, இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டா," என்றேன்.